எட்டு முழமும் எட்டு கஜமும்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் லீத் வாக் வழியாகப் போகிற 22ஆம் நம்பர் பஸ்ஸில், போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஏறினார். கையில் காய்கறிப் பை. காலில் கனத்த பூட்ஸ், கணுக்கால்வரை உருட்டிவிட்ட கம்பளிக் காலுறை, இடுப்பில் பாசி நிறக் கான்வாஸ் துணியில் தைத்த கில்ட், ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்துகிற, முட்டிவரை வரும் கொசுவப் பாவாடை. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போகிறவர் இல்லை. காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறவர். எனக்கு முன் சீட்டில் உட்காரப் போனவர், பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு புறங்கையாலும் பின்பக்கக் கொசுவத்தை ஒரே வீச்சில் தொடைக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு அமர்ந்தார்.

அப்பாவும் அப்படித்தான் உட்காருவார். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அரிசிக் கடை வைத்திருந்த நாற்பது வருடமும் ஸ்டூலில் உட்காரும்போதெல்லாம் வேட்டியை இப்படித்தான் ஒதுக்குவார். நான் இறங்கவேண்டிய ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது. இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கித் திரும்பி நடந்து வந்தேன்.

இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. கில்ட் என்றால் ராயல் மைல் தெருவில் பைப் வாசிப்பவர் உடுத்துவது, இல்லாவிட்டால் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் தோழர்களும் வாடகைக்கு எடுத்துப் போடுவது என்றுதான் நினைத்திருந்தேன். நம் ஊரில் பட்டு வேட்டிக்கு என்ன கதியோ அதேதான் இங்கே கில்ட்டுக்கும் என்று எண்ணம். சாதாரண நாளில், சாதாரண வேலைக்கு ஒருவர் அதை உடுத்தி வந்ததைப் பார்த்தபிறகு, எனக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டது.

எதிர் ஃபிளாட்டில் இருக்கும் பெரியவரிடம் கேட்டேன். லீத் கப்பல் கட்டும் தளத்தில், 1984இல் அதை மூடும்வரை வேலை பார்த்தவர். எழுபத்தைந்தைத் தாண்டிய மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. மூன்று மாதம் ‘சார்’ என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்தான் கெஞ்சி நிறுத்தினார். அவர் என்னை ‘சன்’, அதாவது மகனே, என்பார். இங்கே வயதானவர்கள் இளையவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். முதல் தடவை கேட்டபோது தொண்டை அடைத்தது. அவரிடம் என் நல்லபெயர் ஒரு ஜனவரி ராத்திரியில் வந்தது. இரண்டு மணிக்குத் தீ எச்சரிக்கை மணி அடித்து எல்லோரும் கீழே ஓடினோம். நான் சாரத்தோடு போய் நின்றேன். (எங்கள் பக்கம் லுங்கிக்குச் சாரம் என்றுதான் பெயர்.) குளிரில் நடுங்கிக்கொண்டே அவர் என் சாரத்தைப் பார்த்து, “நல்ல கட்டம்” என்றார்.

கில்ட் வாங்கப்போகிறேன் என்றதும் அலமாரியிலிருந்து தன்னுடையதை எடுத்து என் கையில் கொடுத்தார். குழந்தையைத் தூக்குகிற கனம். எட்டு கஜக் கம்பளி, கஜத்துக்குப் பதினாறு அவுன்ஸ். தன் கல்யாணத்துக்குத் தைத்தது என்றார். முன்பக்கம் மட்டமாக இரண்டு சுற்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும். பின்பக்கம் முழுக்கக் கொசுவம். இடுப்பிலிருந்து பிட்டம்வரை ஒவ்வொரு மடிப்பையும் கையால் தைத்து அடக்கி, அதற்குக் கீழே விசிறிபோல விட்டுவிடுகிறார்கள். கொசுவம் மடிக்கிறபோது கட்டங்களின் கோடு கோட்டோடு சேர்ந்து விழ வேண்டும். அவர் கில்ட்டின் பின்பக்கத்தை விரித்துக் காட்டினார்: முப்பது மடிப்பு இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் மடிப்பே இல்லாத ஒரே துணி மாதிரி கட்டங்கள் ஒழுங்காக ஓடின. அம்மா புடவைக் கொசுவத்தை விரலிடுக்கில் அடுக்குவது ஞாபகம் வந்தது. அது தினமும் காலையில் கலைந்து புதிதாகப் பிறப்பது. இது ஒரு தடவை பிறந்தால் ஐம்பது வருடம் நிற்கிறது.

எட்டு கஜம் என்பது ஏழு மீட்டருக்கு மேல். நம் எட்டு முழம் வேட்டி அதில் பாதிதான். ஆனாலும் இரண்டு ஊரிலும் ஆணின் முழு உடுப்புக்கு எட்டு என்றே கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷத்தைக் கொடுத்தது.

அப்படிக் கையால் தைத்து வாங்கினால் ஐநூறு பவுண்டைத் தாண்டும். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். அந்தக் கனத்தோடு தினமும் பஸ் ஏறவும் முடியாது. இன்னொரு பக்கம், ராயல் மைல் கடைகளில் முப்பது நாற்பது பவுண்டுக்குத் தொங்குவது. அக்ரிலிக் துணி, கொசுவத்தை இஸ்திரி போட்டு அழுத்தியிருப்பார்கள், தைத்து அடக்கியிருக்க மாட்டார்கள். நார்த் பிரிட்ஜில் அடிக்கிற காற்றுக்கு அது ஒரு நிமிடம் நிற்காது. கில்ட் கீழே விழுந்து நிற்பதே கொசுவத்தின் கனத்தால்தான். வாங்க வேண்டாம் என்று யாரிடமும் சொல்வேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அன்றாடக் கில்ட்டுகளின் உலகம். பஸ்ஸில் பார்த்த வகைக்கு ‘யுடிலிட்டி கில்ட்’ என்று பெயர். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் 2000இல் ‘யுடிலிகில்ட்ஸ்’ என்ற நிறுவனம் தொடங்கியபிறகு உலகம் முழுக்கப் பரவியது: முரட்டுப் பருத்தி அல்லது கான்வாஸ், அழுத்துப் பித்தான்கள், இரண்டு பக்கமும் பெரிய பாக்கெட். எடின்பரோவிலேயே ஹோவி நிக்கல்ஸ்பி என்ற தையற்காரர் 1990களிலிருந்து டெனிமிலும் தோலிலும் ட்வீடிலும் பாக்கெட் வைத்துத் தைக்கிறார். வழக்கமான கில்ட் தைத்த குடும்பத்துப் பிள்ளை. அப்புறம், ஐந்து கஜத்தில் வருகிற ‘கேஷுவல் கில்ட்’. கொசுவம் குறைவு, கனம் பாதி, தொப்புளுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் இறக்கிக் கட்டலாம். கம்பளியிலும் கிடைக்கும், பாலிவிஸ்கோஸ் என்ற செயற்கை இழைத் துணியிலும் கிடைக்கும். பின்னதை மெஷினில் துவைக்கலாம்.

நான் முதலில் கான்வாஸ் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். ஜீன்ஸின் இடுப்பு அளவைக் கொடுத்தேன். இரண்டு அங்குலம் போதவில்லை. ஜீன்ஸில் எழுதியிருக்கும் எண் உண்மையான சுற்றளவு இல்லை. டேப்பை எடுத்து, கில்ட் எந்த இடத்தில் நிற்கப்போகிறதோ அந்த இடத்தில் இடுப்பையும், பிட்டத்தின் அகலமான இடத்தையும், இடுப்பிலிருந்து முழங்காலின் நடுவரைக்கும் உயரத்தையும் அளக்க வேண்டும். வாங்க நினைக்கிறவர்கள் இந்த மூன்றையும் அளக்காமல் பணம் கட்டிவிடாதீர்கள். மாற்றி வந்ததை உடுத்தியும் பார்த்தேன். பாக்கெட் அருமை. ஆனால் மழையில் நனைந்தால் கான்வாஸ் மறுநாள்வரை காயாது. துவைத்தால் கொசுவத்தின் ஓரத்தை ஒவ்வொன்றாக இஸ்திரி போட வேண்டும். கம்பளி அப்படியில்லை. தூறலை உதறிவிடும், தொங்கவிட்டால் மடிப்பு தானாக விழும்.

சரி, கம்பளி என்று முடிவான பிறகு எந்தக் கட்டம் என்ற கேள்வி. கில்ட் தைக்கிற கட்டம் போட்ட துணிக்கு டார்ட்டன் என்று பெயர். ஒவ்வொன்றும் ஒரு குலத்துக்குச் சொந்தம், நாம் தொடலாமா என்று எனக்குக் கூச்சம். பெரியவர் அப்படி ஒரு சட்டமும் கிடையாது என்றார். குலத்துக்கு ஒரு கட்டம் என்ற ஏற்பாடே பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில், 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்ததை ஒட்டி வளர்ந்தது. இப்போது டார்ட்டன்களுக்கென்று அரசாங்கப் பதிவேடு இருக்கிறது, 2009இலிருந்து. பிளாக் வாட்ச் போன்ற சிலவற்றை யார் வேண்டுமானாலும் உடுத்தலாம் என்பது ஊர் வழக்கம்.

கடையில் துணி மாதிரிப் புத்தகத்தை விரித்தார்கள். பக்கம் பக்கமாகச் சாரம். எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. சிவப்பில் மஞ்சள் கோடு, எதிர்வீட்டு மாமா. பச்சையில் வெள்ளைக் கோடு, தாமிரபரணிக் கரையில் தலைக்குமேல் பிடித்து உலர்த்திக்கொண்டு வருகிறவர்கள். கரும்பச்சையும் கருநீலமும் கலந்த பிளாக் வாட்ச், ராத்திரி கடையடைத்து வந்து அப்பா மாற்றிக்கொள்கிற சாரம். தொட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம். சாரத்தில் நூல் ஒன்றுமேல் ஒன்றுகீழ். டார்ட்டனில் இரண்டுமேல் இரண்டுகீழ், அதனால் துணியில் சாய்ந்த வரி ஓடும். விரலை எடுத்துவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அதையே எடுத்தேன். ஐந்து கஜம், பதின்மூன்று அவுன்ஸ் கம்பளி.

இப்போது வாரத்தில் மூன்று நாள் அதுதான். ஆபீசில் முதல் நாள் ஒருவர், உள்ளே என்ன என்று கேட்டார். கில்ட் உடுத்துகிற எல்லோரையும் இந்த ஊரில் இந்தக் கேள்வி துரத்துகிறது. பப்பில் குடித்தவர்கள் தூக்கிப் பார்ப்பதும் உண்டாம். எனக்குக் கோபம் வந்தது. நம் ஊரில் வேட்டி கட்டிய மனிதரிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா? மற்றபடி பழகிவிட்டது. வலது இடுப்பில் இரண்டு பக்கிள், இடதில் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறேன். கில்ட்டின் குத்தூசியை முன்பக்க மேல்சுற்றில் மட்டும் குத்த வேண்டும், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் கிழியும் என்பதும் தெரியும். முழங்கால் குளிருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முட்டிக்குக் கீழ்வரை காலுறையும் பின்னால் அத்தனை கம்பளியும் இருக்கையில் பேன்ட்டைவிடக் கதகதப்பாகத்தான் இருக்கிறது. பாக்கெட் இல்லாததற்கு முன்னால் தோல்பை ஒன்று, ஸ்போரன், தொங்கவிடுகிறார்கள். அதைத் திறந்து சில்லறை எடுக்கும்போதெல்லாம் அப்பா வேட்டி மடியை அவிழ்த்து எனக்குப் பஸ் காசு எடுத்துக் கொடுப்பது கண்முன் வந்து நிற்கிறது.

அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வரும்.

2011. சென்னையில் வேலை கிடைத்து முதல் சம்பளம். அப்பாவை வரவழைத்து ஒரு பெரிய ஹோட்டலுக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. வாசலில் நின்றவர் என்னை உள்ளே விட்டு, அப்பாவின் வேட்டியைப் பார்த்துக் கையை நீட்டித் தடுத்தார். நான் அவரிடம் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. அப்பா பக்கம் திரும்பி, “பேன்ட் போட்டுட்டு வந்திருக்கலாம்லப்பா” என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனையில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். சாம்பார் நன்றாயிருக்கிறது என்றார்.

மூன்று வருடம் கழித்து, 2014இல், சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டியதற்காக உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். சட்டசபை வரைக்கும் போய், அப்படித் தடுக்கக்கூடாது என்று அந்த வருடமே சட்டம் வந்தது. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அப்பா அன்றும் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் அந்த வலி உண்டு என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்காரர்கள் கலோடன் போரில் தோற்றபிறகு லண்டன் பாராளுமன்றம் 1746இல் சட்டம் போட்டு மலைநாட்டு ஆண்கள் கில்ட் உடுத்துவதைத் தடுத்தது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை. இரண்டாவது தடவை என்றால் ஏழு வருடம் கடல்கடந்து நாடுகடத்தல். ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் அதை நீக்கினார்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல். அதற்குள் ஒரு தலைமுறைக்குக் கை பழக்கம் விட்டுப்போயிருக்கும். திரும்பி வந்தபோது அது வயலுக்கும் சந்தைக்கும் வந்ததைவிட விருந்துக்கும் அணிவகுப்புக்கும்தான் வந்தது. அதனால்தான் பஸ்ஸில் காய்கறிப் பையோடு ஏறிய அந்த மனிதர் எனக்குப் பெரிய ஆளாகத் தெரிகிறார். பாக்கெட் வைத்த கில்ட் கில்ட்டே இல்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு உடுப்பு உயிரோடு இருக்க வேண்டுமானால் அதோடு முட்டைக்கோஸ் வாங்கப் போக வேண்டும். வெல்க்ரோவும் பாக்கெட்டும் வைத்துத் தைத்த வேட்டி நம் ஊர்க் கடைகளில் வந்தபோது நானும்தான் முகம் சுளித்தேன். இன்றைக்கு என் தம்பி மகன் அதைக் கட்டிக்கொண்டு காலேஜ் பொங்கலுக்குப் போகிறான் என்றால் போகட்டும். மறுநாளும் கட்டட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். போனைப் புத்தகத்தில் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“திரும்புல.”

திரும்பினேன். கொசுவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“யாரு மடிச்சா?”

“தச்சிருக்குப்பா.”

“நல்லா மடிச்சிருக்கான்.” கொஞ்சம் கழித்து, “இத மடிச்சுக் கட்ட முடியுமால?” என்றார்.

“முட்டி வரைக்கும்தாம்ப்பா இருக்கு. இதுவே மடிச்சுக் கட்டுன அளவுதான்.”

அப்பா யோசித்தார். பின்னால் அம்மா, கால் குளிரப்போகுது, பேன்ட்டைப் போடச் சொல்லுங்க என்று சொல்வது கேட்டது. அப்பா கையமர்த்தினார்.

“அப்போ பெரியாளு யாராச்சும் எதுக்க வந்தா எதல இறக்கிவிடுவ?”