எங்கள் தெரு வடிகாலைத் திறந்த கதை

2022 நவம்பர் 11 ராத்திரி சீர்காழியில் பெய்தது 44 செ.மீ. மழை. பக்கத்திலேயே இருக்கிற எங்கள் தெருவில் விடியும்போது அடுப்படிக்குள் முழங்கால் தண்ணீர். மழை விட்ட பிறகும் ஐந்து நாள் அது நகரவில்லை. விதை நெல் மூட்டையைத் தூக்கிப் பார்த்தால் சாக்கின் இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை. குடும்ப அட்டைக்கு அரசு தந்த 1,000 ரூபாயை வாங்கிக்கொண்டு திரும்பும்போது எதிர்வீட்டு மாமா சொன்னார்: "பேஞ்சது வானம். அஞ்சு நாள் தேக்கி வச்சது யாரு? நம்ம வடிகாலைப் போயிப் பாரும்மா."

போய்ப் பார்த்தேன். கரை எது, தண்ணீர் எது என்று தெரியாமல் வெங்காயத்தாமரை மூடிக் கிடந்தது. ரோட்டுக்கு அடியில் போகும் குழாயின் வாயே கண்ணில் படவில்லை.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் 15 கிராம சபையில் மகளிர் குழுவிலிருந்து பதினோரு பேர் எழுந்து நின்று வடிகால் தூர்வாரத் தீர்மானம் எழுத வைத்தோம். தீர்மான நகலைக் கையில் வாங்காமல் வீட்டுக்குப் போகவில்லை. அது பின்னால் ரொம்ப உதவியது. இ-சேவை மையத்தில் புலப்படம், அதாவது நிலத்தின் அளவைக் காட்டும் அரசுப் படம், எடுத்தோம். படத்தில் வடிகால் நல்ல அகலம். நேரில் ஒரு ஆள் தாண்டிவிடலாம். மீதி இடத்தில் நின்ற மாட்டுக் கொட்டகைகளில் ஒன்று என் சின்ன மாமனாருடையது. அதுதான் எனக்குப் பெரிய சங்கடம். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் முளைவிட்ட நெல்லை ஞாபகப்படுத்தி, "உங்க வைக்கோல் போரும்தானே மாமா அழுகிப் போச்சு" என்றேன். மறுவாரம் அவரே கீற்றைப் பிரித்தார். அவர் பிரித்ததைப் பார்த்துத்தான் மற்ற இருவரும் பிரித்தார்கள்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மயிலாடுதுறைக்கு மூன்று முறை போனோம். முதல் மனு எந்த மேசைக்குப் போனது என்றே தெரியவில்லை. இரண்டாவது முறை தீர்மான நகல், புலப்படம், தண்ணீர் நின்றபோது செல்போனில் எடுத்த படங்கள் மூன்றையும் சேர்த்து வைத்து, மனு எண்ணைக் கேட்டு வாங்கினோம். புரட்டாசியில் பொக்லைன் வந்தது. இரண்டே நாள் வேலை. அள்ளிய வெங்காயத்தாமரையைக் கரைமேல் போட வைத்தோம். வெட்டித் தண்ணீரிலேயே தள்ளிவிட்டால் அடுத்த ஊர் மதகில் போய் அடைக்கும். அங்கேயும் நம் ஜனம்தான் இருக்கிறது.

குழாயைப் பொக்லைன் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்களே இறங்கினோம். மூங்கிலில் அரிவாளைக் கட்டி இழுக்க இழுக்க வந்ததைப் பாருங்கள்: கிழிந்த மெத்தை, தேங்காய் மட்டை, ஒரு கல்யாண பிளக்ஸ், கட்டுக் கட்டாகப் பிளாஸ்டிக் பை. கடைசியாக ஒரு சேலை சுருண்டு வந்ததும் உள்ளே 'குபுக்' என்று ஒரு சத்தம். தேங்கிய கறுப்புத் தண்ணீர் மெல்ல நகர ஆரம்பித்தது. எதிர்வீட்டு மாமா கரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வடிகால் திறந்தால் மட்டும் போதாது. எங்கள் தண்ணீர் உப்பனாற்றில் விழுந்து திருமுல்லைவாசலில்தான் கடலுக்குப் போகவேண்டும். அமாவாசை, பௌர்ணமியோடு கீழ்க்காற்றும் சேர்ந்துகொண்டால் கடல் தண்ணீரை வாங்காது; வடிகாலில் எதிர்த்து ஏறும். அதனால் வீட்டிலும் ஏற்பாடு செய்துகொண்டேன். விதை நெல் இப்போது பரணில், மூடி போட்ட டிரம்மில். பட்டா, ஆதார், பாஸ்புக் எல்லாம் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள். 2022-இல் கக்கூஸ் வழியாகச் சாக்கடை எதிர்த்து வந்ததை மறக்க முடியாது. இப்போது மழைச் செய்தி வந்ததுமே கோப்பைமேல் மண்மூட்டை வைத்துவிடுகிறேன். காஸ் சிலிண்டர் மிதந்து சாயும், தூணோடு கட்டிவிடுங்கள். மாட்டை மட்டும் கட்டிப் போடாதீர்கள். அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். ராத்திரி டார்ச் இல்லாமல் காலை வைக்காதீர்கள், பாம்பும் மேடு தேடித்தான் வரும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077; எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறோம்.

அந்தக் கார்த்திகையில் ஒரு நாள் ராத்திரி முழுக்கக் கொட்டியது. நான் தூங்கவே இல்லை. தண்ணீர் திண்ணையின் முதல் படி வரை ஏறியது. மறுநாள் மத்தியானம் தெருவில் சேறுதான் மிச்சம்.

குழாய் இன்னும் அதே பழைய சின்னக் குழாய்தான். பெரிய பாலமாகக் கட்டித் தரச் சொல்லிக் கொடுத்த மனு நிலுவையில் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை மறுபடி போகிறோம். இந்தத் தடவை சின்ன மாமனாரும் வருகிறேன் என்றிருக்கிறார்.