தந்தத்தில் தீட்டிய ராதாகிருஷ்ணர் படத்தைச் செப்பனிட்ட அனுபவம்

தாத்தா 1950களில் கரஞ்சா கப்பலில் இந்தியா போய் வந்தபோது டெல்லியில் வாங்கிவந்த ராதாகிருஷ்ணர் படம், தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகர வீட்டுச் சாமியறையில் இருந்தது. உள்ளங்கை அளவுதான். கடற்கரைப் புழுக்கத்தில் தந்தத் தகடு வளைந்து, கிருஷ்ணர் பாதத்தருகே வண்ணம் செதில் செதிலாக எழும்பியது. இனியும் விடக்கூடாது என்று இறங்கினேன்.

அது தந்தம்தானா என்று முதலில் தெரியவேண்டும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொன்னார்கள். படத்தைக் காயப்படுத்த எனக்கு மனமில்லை. வண்ணம் படாத ஓரத்தை லென்ஸில் பார்த்தேன். எலும்பென்றால் கரும்புள்ளிகள் தெரியும். இதில் மெல்லிய அலைக்கோடுகள்தான். சரி, தந்தமேதான்.

சட்டம் போடும் கடையில் ஒருவர், ஈரத்துணியால் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்றார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். காகிதம்போலத் தந்தம் வண்ணத்தை உறிஞ்சாது. கோந்தில் குழைத்த நீர்வண்ணம் மேலாக ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். தண்ணீர் பட்டால் முகமே கரைந்துபோகும்.

கடைசியில் பழைய ஓவியங்களைச் செப்பனிடும் ஒரு அம்மாவிடம் கொண்டுபோனேன். நுண்ணோக்கியில் ராதையின் கன்னத்தைக் காட்டினார். தூரிகை இழுத்த கோடே இல்லை, எல்லாம் பொடிப்பொடிப் புள்ளிகள். இடையில் விட்ட இடங்களில் தந்தமே தோலின் ஒளியாக மின்னுகிறது. எத்தனை பொறுமை! 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியர் வழியாக இந்தியாவுக்கு வந்த முறையாம். நம் தஞ்சாவூர் ஓவியர்களும் தந்தத்தில் தீட்டியிருக்கிறார்கள்.

தகட்டின் பின்னால் அட்டையை ஒட்டியிருந்ததுதான் வினை. ஈரக்காற்றில் தந்தம் விரியும், காய்ந்தால் சுருங்கும். பசை அதை அசையவிடாது. அழுத்தி நிமிர்த்தினால் பிளந்துவிடும் என்பதால் வளைவை அப்படியே விட்டு, செதில்களை மட்டும் ஒட்டினார். அப்புறம் ஆழமான சட்டம். முன்னால் கண்ணாடிதான் போட்டார், அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு வேண்டாம் என்றார். அதன் நிலைமின்சாரம் தளர்ந்த வண்ணத்தை இழுத்துவிடுமாம்.

விளக்குச் சூடும் கற்பூரப் புகையும் ஆகாது என்பதால் படம் இப்போது வெயில் படாத உள்சுவரில் இருக்கிறது. சாமியறையில் அதன் நகல். அத்தைக்கு இதில் வருத்தம்தான்.

அத்தை மகள் சென்னைக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டாள். தந்தம் எல்லை தாண்ட, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தப்படி அனுமதி வேண்டும். அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1975க்கு முந்தைய பொருள் என்றாலும் அதற்கும் சான்றிதழ் கேட்பார்கள். இங்கேயே இருக்கட்டும் என்று முடிவானது. தாத்தாவின் ரசீது கிடைத்துவிட்டது. படச்சட்டத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.