சும்மாதானே இருக்கே

செப்டம்பர் 29, 2025, திங்கள்

மகள் பிறந்து இன்றோடு ஐந்து நாள். வியாழன் விடியற்காலை பிறந்தாள். சுகப்பிரசவம் என்கிறார்கள். தையல் போட்டவருக்குச் சுகமாக இருந்திருக்கலாம்.

காலையில் கிளினிக் மிஸ்ஸி (தாதி) வீட்டுக்கே வந்து குழந்தையின் தொப்புளைப் பார்த்தார், என் வயிற்றை அழுத்திப் பார்த்தார், பால் கொடுக்க எப்படி உட்கார வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். அடுக்களையில் அம்மா பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயம் இடிக்கிறார். வீடு முழுக்க சுக்கும் மிளகும் பூண்டும். இவர் அந்த நெடிக்குத் தும்மிக்கொண்டே துணி காயப்போடுகிறார். இவருக்கு ஏழு நாள் விடுப்பு, புதன்கிழமையோடு சரி. அதற்கப்புறம் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லோரியும் அவருமாகப் போய்விடுவார். 2023க்கு முன்னால் தனியார் வேலையில் இருந்த அப்பாக்களுக்கு மலேசியச் சட்டத்தில் அந்த ஏழு நாளும் கிடையாது.

எனக்கு 98 நாள். சட்டப் புத்தகத்தைத் திறக்காமலே சொல்வேன், தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டை எழுதுகிற கிராணி, அதாவது குமாஸ்தா, நான்தானே. 60 நாளாக இருந்ததை 2023 ஜனவரி 1 முதல் 98 ஆக்கினார்கள். பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் 90 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும், கடைசி நான்கு மாதத்தில் ஒரு நாளாவது வேலையில் இருந்திருக்க வேண்டும், அப்போதுதான் சம்பளத்தோடு விடுப்பு. எத்தனையோ பெண்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். என் 98ஆவது நாள் டிசம்பர் 31.

இதை எழுதும்போதே வாட்சாப்பில் ஒரு குரல் பதிவு. பெரிய கிராணி. "வாழ்த்துகள்மா, புள்ள எப்படி இருக்கு? சும்மா ஒரு சந்தேகம்…" சந்தேகம் நான்கு நிமிடம் நீண்டது.

அக்டோபர் 3, வெள்ளி

இந்த வாரத்துச் சந்தேகங்கள்: ஆபீஸ் முத்திரை எந்த மேசை டிராயரில்? உரம் போட்ட ஆட்களின் கூலியை எந்தப் பக்கத்தில் ஏற்றுவது? போன மாதம் மழையால் வேலை நின்ற நாள் மூன்றா நான்கா? அரிசி முன்பணம் யார் யாருக்கு?

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கேட்டது என் இடத்தில் உட்கார்ந்திருக்கும் புதுப் பையன். ஒவ்வொரு செய்தியும் "சாரிக்கா" என்று தொடங்கி "சாரிக்கா" என்று முடிகிறது. அவனைத் திட்டவும் மனசு வரவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பிறகு மறந்துவிட்டு "பரவாயில்லை" என்று சொல்லிவிடுவேன்.

மாதம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். அது சட்டம். குலை வெட்டுபவர்களுக்கு டன் கணக்கில் கூலி. மழை மாதத்தில் டன் ஏறாது. அப்படி ஏறாமல் மாதக் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழே போனால் மீதியைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சேர்ப்புக் கணக்கில் பையன் மாட்டிக்கொண்டான். காலை ஒன்பதிலிருந்து ஆறு அழைப்பு.

ஏழாவது அழைப்பு வந்தபோது அரைமணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு அவள் அப்போதுதான் சரியாக வாய் வைத்திருந்தாள். வலது கையில் அவள் தலை, இடது கையில் போன். வங்கியிலிருந்து வரும் ஆறு இலக்க எண் என் போனுக்குத்தான் வரும், அதைச் சொன்னால்தான் சம்பளம் ஏறும். "சொல்லும்மா, நேரம் ஓடுது" என்கிறார் பெரிய கிராணி. எண்ணைப் பார்க்கப் போனைச் சாய்த்தேன். அவள் வாய் நழுவிவிட்டது. பால் பீய்ச்சி போன் திரையெல்லாம் தெறித்தது. நாலா ஒன்பதா என்று தெரியாமல் திரையைக் கைலியில் துடைத்துத் துடைத்துப் படிக்கிறேன், அவள் நீலம் பாரித்துப்போகிற அளவுக்குக் கத்துகிறாள். இரண்டு முறை தப்பான எண்ணைச் சொன்னேன்.

"என்னம்மா, வீட்ல சும்மாதானே இருக்கே, கொஞ்சம் நிதானமாப் பாத்துச் சொல்லக் கூடாதா?"

மூன்றாம் முறை சரியாகச் சொன்னேன். அத்தனை பேருக்கும் சம்பளம் போய்ச் சேர்ந்தது. எனக்கும்தான்.

அக்டோபர் 8, புதன்

காய்ச்சல். இடது மார்பில் பால் கட்டிக் கல் மாதிரி இருக்கிறது. அம்மா சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கிறார். போனை அணைத்து அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டார். எதற்கு அரிசி டின் என்று கேட்கத் தெம்பில்லை.

அக்டோபர் 16, வியாழன்

காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆகிறது. இன்று வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டும்போது அம்மா தானாகவே பேச ஆரம்பித்தார்.

நான் பிறந்தது 1994. அம்மா அப்போது பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். விடுப்பு 60 நாள். ஆனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஆள் அனுப்பினாராம்: அம்மா வெட்டும் மர நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால் பிறகு மேட்டு நிரைதான் கிடைக்கும் என்று. 45ஆம் நாளே என்னை, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் ஏணையில் போட்டுவிட்டு, இருட்டோடு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா காட்டுக்குப் போயிருக்கிறார். "பத்து மணிக்கெல்லாம் நெஞ்சு கனத்துடும். கோப்பையில மரத்துப் பாலு, ரவிக்கையில என் பாலு. ரெண்டுமே எனக்கில்ல."

சொல்லிவிட்டு அடுத்த செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். நல்லவேளை, முகமெல்லாம் தண்ணீர்.

இத்தனைக்கும் முதல் வாரத்தில் "பெரியவர் கூப்பிட்டா எடு, வேலை கொடுத்தவரு" என்று சொன்னது இதே அம்மாதான்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

தீட்டு வீடு, பலகாரம் சுடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கும் நெய்யுருண்டையும் வந்தன. பத்தியக்காரி நான் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினேன். கோழிக்குழம்பு வாசம் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. எனக்கு மட்டும் பூண்டுக் குழம்பும் பால்சுறாவும்.

ஆபீசிலிருந்து வாழ்த்து மட்டும் வந்தது. சந்தேகம் இல்லை. பொது விடுமுறைக்கு இருக்கிற மரியாதை பிரசவ விடுப்புக்கு இல்லை.

அக்டோபர் 25, சனி

31ஆம் நாள். வீடு கழுவி, சாம்பிராணி போட்டு, பெயர் வைத்தோம். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவள் பெரியவளாகி அனுமதி கொடுக்கட்டும்.

பத்தாங் பெர்ஜுந்தைக்குள் இருக்கும் சொந்தம் எல்லாம் வந்திருந்தது. (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி எவ்வளவோ காலமாகிறது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.) எங்கள் தோட்டத்தில் குலையிலிருந்து உதிரும் உதிரிப் பழம் பொறுக்கும் அக்கா ஒருவரும் வந்தார். போன வருடம் அவருக்கு 98 நாளையும் செக்ரோலில் ஏற்றியவள் நான்தான். "ஆபீஸ்ல இருந்து யாரும் கூப்பிட்டாங்களாக்கா, அப்போ?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னை எதுக்கு ஆயி கூப்பிடப் போறாங்க? போன்லயா உதிரி பொறுக்க முடியும்?"

அவர் போனபிறகும் அது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. என் வேலை தலைக்குள் இருக்கிறது, அதனால்தான் அது ஏணை வரைக்கும் வருகிறது. தலைக்குள் அதைப் பூட்டி வைத்தது யார் என்று யோசித்தால் பதில் கொஞ்சம் கசக்கிறது. எட்டு வருடத்தில் ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை. மானேஜர் முன்னால் பெரிய கிராணி "அந்தப் பொண்ணு இல்லேன்னா ஆபீஸ் ஓடாது" என்று சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் இனிக்கும். வயிறு ஏழு மாதம் ஆன பிறகும் பையனுக்கு மேலோட்டமாகத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

நான்கு நாளாக அவள் தூங்கும் நேரத்தில் ஒரு 555 புத்தகத்தில் எழுதுகிறேன். மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே குட்டிப் புத்தகம். பத்தியக்காரி எழுதினால் கண் கெட்டுப்போகும் என்று அம்மா முணுமுணுக்கிறார்.

மழை நாளை எப்படிக் குறிப்பது. முன்பணத்தை எத்தனை தவணையில் பிடிப்பது. பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒரு பெயருமாக இருக்கும் ஆட்கள் யார் யார். இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் 'பாக் லோங்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். புத்தகம் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. இவ்வளவுதானா என்றும் இருந்தது.

நவம்பரில் இன்னொரு தலைவலி காத்திருக்கிறது. அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சேமநிதி கட்டாயம்: தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. நவம்பர் 15க்குள் கட்ட வேண்டும். எங்கள் தோட்டத்தில் பாதிக்கு மேல் வெளிநாட்டு ஆட்கள். அது வந்து என் தலையில் விழுவதற்கு முன்னால் பேசிவிட வேண்டும்.

காலையில் நானே பெரிய கிராணியைக் கூப்பிட்டேன். பேச வேண்டியதைக் கிளினிக் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். அப்படியும் "தப்பா நினைக்காதீங்க சார்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். ஒரு தடவைதான் எழுதியிருந்தேன்.

"சார், தெரிஞ்சதெல்லாம் ஒரு புத்தகத்துல எழுதியிருக்கேன். இவர் நாளைக்குக் கொண்டாந்து தருவாரு. வங்கிக்கும் சேமநிதிக்கும் கொடுத்திருக்கிற போன் நம்பரை மாத்திடுங்க. அதுக்கு என் கையெழுத்து வேணும்னா பாரம் அனுப்புங்க, போட்டுத் தர்றேன். அதுக்கப்புறம் டிசம்பர் 31 வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க."

"ஒரு ரெண்டு நிமிஷம் பேசுறதுல என்னம்மா ஆயிடும்? நான் உனக்கு அப்பா மாதிரி."

"டாக்டர் வேலைக்குப் போகலாம்னு எழுதிக் கொடுத்து, கம்பெனியும் சம்மதிச்சாத்தான் இந்த 98 நாளுக்குள்ள நான் வேலையத் தொடலாம் சார். என்கிட்ட டாக்டர் கடுதாசி இல்ல."

"எனக்கே சட்டம் சொல்றியா?"

"நீங்க சொல்லிக் கொடுத்ததுதான் சார்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. தட்டச்சு செய்யும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு "சரி, பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். எங்கள் ஊரில் "பாக்கலாம்" என்பதற்கு எத்தனை அர்த்தம் என்று எண்ணிக்கொண்டே பால் கொடுத்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

நம்பரை மாற்றிவிட்டார்கள். போன வாரம் சம்பள நாளில் ஒரே ஒரு செய்தி, அதுவும் பையனிடமிருந்து: "அக்கா, புக்குல 14ஆம் பக்கம் 7ஆ 1ஆ?" 7 என்று பதில் போட்டேன். போட்டிருக்கக் கூடாதுதான். என் கையெழுத்தின் குற்றத்துக்கு அவன் என்ன செய்வான்?

ஆனால் நாளைக்குச் சேமநிதிக் கடைசி நாள், அதுவும் சனிக்கிழமை. மத்தியானம் நான் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது போன் அலறியது. ஓய்ந்தது. மறுபடி அலறியது. என் கை இரண்டும் எண்ணெய். ஐந்தாம் தடவை அம்மா எடுத்துவிட்டார். ஒலிபெருக்கியில் வேறு போட்டுவிட்டார்.

"புள்ள குளிக்குது. அவ குளிப்பாட்டுறா… யாரு, பெரிய கிராணியா? வணக்கங்கய்யா. நல்லா இருக்கீங்களா, அம்மா நல்லா இருக்காங்களா? … அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, நான் மரம் வெட்டுனவ… இல்லீங்க, அவ வர மாட்டா. ஜனவரில கூப்பிடுங்க."

வைத்துவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பில் கை நடுங்கி, குழந்தையை நழுவவிடப் பார்த்தேன்.

சாயங்காலம் இவர்தான் சேதி கொண்டுவந்தார். பையன் பாஸ்போர்ட் எண்களை எல்லாம் தூக்கிக்கொண்டு சேமநிதி அலுவலகத்துக்கே போய், முகப்பில் இருந்தவரிடம் கேட்டு முடித்துவிட்டு வந்தானாம். ஒரு நாள் முன்னதாகவே.

டிசம்பர் 5, வெள்ளி

72ஆம் நாள். இன்று சம்பளம் போடுகிற நாள். காலையிலிருந்து போன் ஏணைக்குப் பக்கத்தில் நாற்காலி மேல்தான் இருந்தது. ஒன்பது மணி, பத்து மணி. ஸ்பிரிங் ஏறி இறங்கி கிறீச்சிடும் சத்தம்தான். பதினொன்றரைக்கு எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இருக்கிறதா என்று. இருந்தது. ஒரு செய்தியும் இல்லை.

பன்னிரண்டுக்குச் சம்பளம் ஏறிவிட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. காசு சரியாக இருக்கிறதா என்று பிடித்தங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஒரு காசு பிசகவில்லை. எங்காவது ஐந்து காசு தப்பியிருக்கக் கூடாதா என்று தோன்றியதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"யாரு போனுக்குக் காத்திருக்க?" என்று அம்மா கேட்டார்.

"யாருமில்ல. சும்மா."

அவள் எழுந்துவிட்டாள். கைலித் துணிக்கு மேலே ஒரு கால் மட்டும் தெரிகிறது, கட்டைவிரல் விறைத்துக்கொண்டு. அழுவதற்கு இன்னும் அரை நிமிடம் இருக்கும்.