எந்தக் கணக்கில் வருகிறேன்?

பாதுகாப்புக் கணக்குத் துறையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது 2020-21 பட்ஜெட்டைத்தான் காட்டுவேன். தளவாடம் வாங்குவது உள்ளிட்ட மூலதனச் செலவுக்குச் சுமார் 1.14 லட்சம் கோடி ரூபாய், ஓய்வூதியத்துக்கு 1.33 லட்சம் கோடிக்கும் மேல். பெரிய படையின் செலவு சம்பளத்தோடு முடிவதில்லை என்பது இதிலேயே புரிந்துவிடும். படை இளமையாக இருக்க வேண்டுமென்று ஜவானை நாற்பது வயதையொட்டி வீட்டுக்கு அனுப்புகிறோம். பிறகு ஆயுள் முழுக்க ஓய்வூதியம்.

அந்த வகுப்பில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் வந்த ஹவில்தார் ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர். "இதுல நான் எந்தக் கணக்குல வர்றேன் சார்?" என்று கேட்டார்.

"பென்ஷன்ல ஒரு தரம், சம்பளத்துல ஒரு தரம். ரெண்டு தரம் வர்றீங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

சொன்னது சரியான பதில்தான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். எந்த வருஷம் ஓய்வுபெற்றிருந்தாலும் ஒரே பதவியில் ஒரே காலம் பணியாற்றியவர்களுக்கு ஒரே ஓய்வூதியம் தரும் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டம் வந்த பிறகு அந்தத் தொகை எப்படி ஏறியது என்பதைப் பார்த்தவன் நான். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? ஆனால் அவர் கேட்டது கணக்குத் தலைப்பையா என்பதில்தான் சந்தேகம். அந்த 1.33 லட்சம் கோடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஊழியர்கள் போன்ற சிவிலியன்களின் ஓய்வூதியமும் அடக்கம். அதை நான் சொல்லவில்லை. நேரமில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. நான் காட்டும் அதே 2020-இல்தான் சீனாவுடன் லடாக் எல்லையில் கல்வான் மோதல் நடந்தது. லடாக் குளிரில் நிற்க ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பினோம். அவர்களுக்குக் குளிருடையை அமெரிக்காவிடமிருந்து அவசரமாக வாங்கினோம். ஆள் அதிகம், தளவாடம் குறைவு என்று காட்ட நான் எடுத்த வருஷத்தில் இரண்டுமே தேவைப்பட்டன. இது என் வாதத்துக்குச் சாதகமா பாதகமா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

2022-இல் ஜவான்களைச் சேர்க்கும் புதிய திட்டமான அக்னிபத் வந்தது. நான்கு வருஷப் பணி. கால் பங்குப் பேர்வரைதான் நிரந்தரம். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய், ஓய்வூதியம் கிடையாது. என் வாதம் ஜெயித்ததாக நண்பர்கள் சொன்னார்கள். அப்படிச் சொல்ல முடியாது. அன்று சேர்ந்தவர்கள் பழைய முறையில் ஓய்வுபெறப் பதினைந்து வருஷமாவது ஆகியிருக்கும். அதுவரை ஓய்வூதியத்தில் இதனால் பெரிதாக மிச்சமில்லை. இப்போது வாங்குகிறவர்களின் தொகையை அது தொடவும் இல்லை.

அந்த ஸ்லைடை இன்னும் மாற்றவில்லை. சிவிலியன்களும் அடக்கம் என்று அடியில் ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன். இதுவரை அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.