அப்போ ஐரோப்பா எங்கே, அப்பா?

ஐஸ்லாந்தின் அல்மன்னக்யாவ் பிளவுக்குள் நடந்துகொண்டிருந்தோம். இடப்பக்கம் செங்குத்தாக எழும் கறுப்புப் பாறைச் சுவர். வலப்பக்கமும் ஒரு சுவர் உண்டு, ஆனால் உயரம் குறைவு. மகள் இரண்டு கைகளையும் விரித்துக் கேட்டாள். “அப்பா, இந்தக் கைப்பக்கம் அமெரிக்கா, அந்தக் கைப்பக்கம் ஐரோப்பாவா?”

பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஐஸ்லாந்துக்கு வருமுன் இணையத்தில் பார்த்த படங்களில் எல்லாரும் இப்படித்தான் கையை விரித்து நிற்கிறார்கள். இல்லை என்றேன். பூமியின் மேலோடு தட்டுகள் எனப்படும் பெரும் பாறைத் துண்டுகளாக நகர்கிறது; அமெரிக்கத் தட்டும் ஐரோப்பியத் தட்டும் விலகும் இடம் இது. வலப்பக்கச் சுவர் அமெரிக்கத் தட்டின் விளிம்பிலிருந்து உடைந்து சரிந்து நிற்கும் பாளம்தான்.

“அப்போ ஐரோப்பா எங்கே?”

சுவரில் ஓர் இடைவெளி வந்ததும் கிழக்கே கை காட்டினேன். கீழே சமவெளி, அதில் ஓர் ஆறு, தெற்கே பெரிய ஏரி. ஐந்தாறு கிலோமீட்டருக்கு அப்பால், சமவெளிக்குப் பின்னால், மங்கலாக இன்னொரு கறுப்புக் கோடு. அதுதான் ஹ்ரஃப்னக்யாவ், இந்தப் பள்ளத்தாக்கின் எதிர்ச் சுவர். இன்னும் சரியாகச் சொன்னால் அதுகூட ஐரோப்பா இல்லை. இரண்டு பெரிய தட்டுகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஹ்ரெப்பார் என்ற சிறு தட்டு அங்கே தொடங்குகிறது. ஐரோப்பா அதற்கும் கிழக்கே. எல்லை என்றதும் நாம் ஒரு கோட்டைத் தேடுகிறோம். இங்கே எல்லையே ஒரு நிலப்பரப்பு. அதன் நடுவே நின்றுகொண்டுதான் அவள் கேட்டாள்.

இந்தப் பிளவு இருக்கும் இடத்தின் பெயர் திங்வெட்லிர், தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து சுமார் 45 கி.மீ. தூரம். செப்டம்பர் மாதம், இடுப்புயர பிர்ச் புதர்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறியிருந்தன, அடியில் பாசி போர்த்திய லாவா. கி.பி. 930-இல் ஐஸ்லாந்துக்காரர்கள் தங்கள் பாராளுமன்றமான ஆல்திங்கியை இந்தப் பாறைச் சுவரருகில்தான் கூட்டினார்கள். பெரும்பாலான பயணிகள் வருவது அதற்காகவும் சில்ஃப்ரா பிளவின் பளிங்குத் தண்ணீரில் நீந்தவும்தான். தண்ணீர் 2 முதல் 4 டிகிரி. நாங்கள் கரையில் நின்று பார்த்ததோடு சரி.

என்னை இங்கே இழுத்து வந்தவர் கடலடி வரைபடம் வரைந்த மேரி தார்ப்.

கடலடியைப் பற்றி யாராவது பேசத் தொடங்கினால் அவர் பெயரை நான் சொல்லாமல் விடுவதில்லை. 1950-களின் தொடக்கம், அமெரிக்காவின் லாமண்ட் ஆய்வகம். கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பிவரும் நேரத்தை வைத்துக் கடலின் ஆழத்தைக் கணக்கிடுவார்கள். அட்லாண்டிக்கைக் குறுக்கே கடந்த கப்பல்கள் அப்படிப் பதிந்துவந்த எண்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பெண்களை அந்தக் கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள். அதனால் உடன் வேலை செய்த புரூஸ் ஹீசன் கடலுக்குப் போனார். தார்ப் மேசையில் உட்கார்ந்து அந்த எண்களைக் குறுக்குவெட்டுப் படங்களாக வரைந்தார். கடலின் நடுவே ஒரு மலைத்தொடர் இருப்பது முன்பே தெரியும். ஆனால் ஒவ்வொரு படத்திலும் மலையின் உச்சியில், ஏறத்தாழ ஒரே இடத்தில், V வடிவில் ஒரு பள்ளம் வந்தது. அங்கே நிலம் இரண்டாகப் பிளந்து விலகுகிறது என்றார் அவர். கண்டங்கள் நகர்கின்றன என்று அன்றைக்குச் சொல்வது பெரிய குற்றம் மாதிரி. ‘பெண்பிள்ளைப் பேச்சு’ என்று ஹீசன் ஒதுக்கித் தள்ளினார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்து மேசையில் ஹோவர்ட் ஃபாஸ்டர் என்பவர், கடலடித் தகவல்தொடர்புக் கம்பிகள் போடுவதற்காக, நிலநடுக்கம் வந்த இடங்களைப் புள்ளி புள்ளியாக இன்னொரு வரைபடத்தில் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு வரைபடங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது புள்ளிகள் தார்ப் வரைந்த பள்ளத்திலேயே விழுந்தன. ஹீசன் ஏற்றுக்கொண்டார். கடலாய்வாளர் கூஸ்தோவுக்கு அப்போதும் நம்பிக்கையில்லை. தவறென்று காட்ட, கேமராவைக் கடலடியில் இழுத்துச் சென்று படம் பிடித்தார். பள்ளம் இருந்தது. 1959-இல் நியூயார்க்கில் நடந்த கடலியல் மாநாட்டில் அந்தப் படத்தை அவரே திரையிட்டார்.

தார்ப் எண்களில் கண்டுபிடித்த அந்தப் பள்ளம் தண்ணீருக்கு மேலே எழுந்து வந்த இடம்தான் திங்வெட்லிர். அவர் கப்பலேற 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான் டிக்கெட் எடுத்து வந்து அதன் நடுவே நிற்கிறேன். அந்தச் சுவரைக் கையால் தொட்டபோது கொஞ்சம் கண் கலங்கியது.

இங்கே நிலம் 10,000 ஆண்டுகளில் சுமார் 70 மீட்டர் விரிந்து, 40 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. ஐஸ்லாந்து முழுவதற்குமாகப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. விலகல், ஏறக்குறைய நம் நகம் வளரும் வேகம்தான். நகம் தினமும் வளர்கிறது, பாறை அப்படி விலகுவதில்லை. பல பத்தாண்டுகள், சில நேரம் நூற்றாண்டுகள் இழுபட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரே நாளில் விட்டுக்கொடுக்கும். 1789-இல் வந்த நிலநடுக்கங்களில் இந்தச் சமவெளி ஒரு மீட்டருக்கு மேல் இறங்கி, ஏரித் தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது. 2023 நவம்பர் 10 இரவு கிரிண்டாவிக் ஊருக்கு அடியில் எரிமலைக் குழம்பு பிளந்துகொண்டு புகுந்தபோது சுமார் 3,800 பேர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். பாடப்புத்தகத்தின் ‘2 செ.மீ.’க்குள் இவ்வளவும் இருக்கிறது.

மறுநாள் ரெய்க்யானஸ் தீபகற்பத்தின் தென்மேற்கு முனைக்குப் போனோம். வலஹ்னூகுர் பாறைக்கு அருகில் நின்றால் கடலுக்குள் எல்டேய் தீவு ஒற்றைத் தூணாகத் தெரியும். காற்று ஆளைத் தள்ளியது. மனைவி காரைவிட்டு இறங்கவில்லை. அந்தத் தீவையும் தாண்டி, தண்ணீருக்கு அடியில், மலைத்தொடர் தெற்கே போகிறது. தட்டுகள் விலகுகின்றன என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி கிடைத்த இடங்களில் அதுவும் ஒன்று.

மகளிடம் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். லாவா ஆறி இறுகும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அந்த நேரத்துக் காந்தப்புலத்தின் திசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூமியின் காந்தப்புலமோ அவ்வப்போது தலைகீழாகிவிடும். கடைசியாக அப்படி ஆனது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். நடுவில் புதுத் தரை பிறந்து இரு பக்கமும் விலகிக்கொண்டே இருந்தால், நேரும் தலைகீழுமான பட்டைகள் இரு பக்கமும் ஒன்றுபோல விழவேண்டும். காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியோடு இந்தக் கடலின்மேல் விமானங்கள் பறந்து அளந்தன. 1966-இல் வெளியான வரைபடத்தில் மலைத்தொடரின் இரு பக்கப் பட்டைகளும், நடுவில் கண்ணாடி வைத்தது போல, ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றன. 1968-இல் குளோமர் சேலஞ்சர் கப்பல் தெற்கு அட்லாண்டிக்கின் தரையைத் துளைத்தபோதும் அதே கதை. மலைத்தொடரிலிருந்து தள்ளிப் போகப் போகத் தரையின் வயது கூடிக்கொண்டே போனது. இந்தச் சான்றுகளைப் பார்க்க வெகெனர் இல்லை. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இலேயே சொன்னவர் அவர். 1930-இல், இங்கிருந்து வடமேற்கே கிரீன்லாந்தின் பனியில் இறந்துபோனார்.

“இந்தப் பட்டைகளை வைத்து முதலில் விளக்கம் சொன்னது யார்?” என்றாள்.

1963-இல் வைன், மேத்யூஸ் என்ற இரு பிரிட்டிஷ் நிலவியலாளர்கள். கனடாவின் மார்லியும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். வைனும் மேத்யூஸும் கையில் வைத்திருந்த அளவுகள் நம் பக்கத்துக் கடலில், கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின்மேல், ஓவன் என்ற கப்பல் எடுத்தவை என்றேன். அவள் நம்பவில்லை. காருக்குள் ஏறி, கைப்பேசியில் கடலடி வரைபடத்தைத் திறந்தாள். எல்டேயில் விரலை வைத்து இழுக்கத் தொடங்கினாள். அட்லாண்டிக்கின் நடு முதுகு வழியே தெற்கே, ஆப்பிரிக்காவின் அடியைச் சுற்றி, இந்தியப் பெருங்கடலுக்குள் மேலே ஏறி, எங்கும் அறுபடாமல், மாலத்தீவுக்கு மேற்கே வந்து நின்றது விரல்.

“இது ஒரே மலைதான்ப்பா,” என்றாள்.