பட்டம் வாங்கியாச்சு டீச்சர்!

இன்னைக்கு பி.இ. சர்டிபிகேட் கைக்கு வந்துச்சு, பாத்ததும் மொதல்ல நெனப்பு வந்தது குலசேகரம் பக்கத்துல நான் படிச்ச அரசு பள்ளிக்கூடம்தான். அப்பா ரப்பர் பால்வெட்டுக்கு போறவங்க, இன்ஜினியரிங் பீஸ் எல்லாம் எங்களுக்கு நெனச்சே பாக்க முடியாது. 2021ல அரசு பள்ளி பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு இன்ஜினியரிங்குக்கும் வந்துச்சு, பீஸ் ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டும்னு மேக்ஸ் டீச்சர்தான் வீடு தேடி வந்து அம்மாட்ட சொன்னாங்க, ஆறாங்கிளாஸ்ல இருந்து அங்க படிச்சதுக்கான சர்டிபிகேட்ட எச்.எம். சாரே எழுதி சீல் வச்சு தந்தாங்க, ஆன்லைன் கவுன்சிலிங்ல எந்த காலேஜ் வேணும்னு சாய்ஸ் போடுற அன்னைக்கு நல்ல மழை, கரண்ட் போயி போயி வருது, டீச்சர் அவங்க போன் நெட்ட போட்டு தந்து "பயப்படாத மக்ளே"ன்னு கடைசி பஸ் நேரம் வர பக்கத்துலயே இருந்தாங்க. எப்படி மறக்க முடியும்? ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஜூனியர் பிள்ளைங்க கவுன்சிலிங் டவுட்டுன்னா இன்பாக்ஸ் வாங்க. டீச்சர், திங்கக்கெழம ஸ்வீட்டோட வாறேன்!