ஆர்க்கிட்டுக்கு மண் வேண்டாம், சொம்புத் தண்ணீரும் வேண்டாம்

கிரகப்பிரவேசத்துக்கு வந்த நண்பர் ஒருவர் வெள்ளைப் பீங்கான் தொட்டியில் ஒரு ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். பட்டாம்பூச்சி வரிசையாக உட்கார்ந்த மாதிரி பூ. இரண்டு மாதம் வாடாமல் நின்றதும் எனக்குக் கைராசி என்று நானே நினைத்துக்கொண்டேன். பூ உதிர்ந்தது, இலை தொய்ந்தது, தண்ணீர் போதவில்லை போல என்று இன்னும் ஊற்றினேன். கடைசியில் வெளியே எடுத்துப் பார்த்தால் வேர் முழுக்க அழுகல், விரலால் பிடித்து இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல் மட்டும் நிற்கிறது.

கொன்றது நான் மட்டும் இல்லை. அம்மா தினமும் காலையில் துளசிக்கு ஊற்றிவிட்டு சொம்பில் மிச்சம் இருப்பதை இதற்கும் ஊற்றியிருக்கிறார், பாவம், அது தனியாக நிற்கிறதே என்று. பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டையே கிடையாது. உள்ளே மண்ணுக்குப் பதிலாகத் திணித்திருந்த பாசி மேலே காய்ந்து தெரியும், நடுவில் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

நாம் வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மரக்கிளையில் தொற்றி வாழும் செடிகள். சிலர் சொல்கிற மாதிரி ஒட்டுண்ணி இல்லை, மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை, பிடித்துக்கொள்ள ஓர் இடம், அவ்வளவுதான். மழை பெய்தால் வேர் நனையும், காற்றடித்தால் காயும். வேருக்கு மேல் பஞ்சு மாதிரி ஒரு போர்வை இருக்கிறது, காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம், நனைந்ததும் பச்சை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு நாள் கணக்கே தேவைப்படவில்லை. வெள்ளியாக இருந்தால் ஊற்று, பச்சையாக இருந்தால் பேசாமல் போ.

அடுத்து டென்ட்ரோபியம் என்ற இன்னொரு வகை ஆர்க்கிட்டை வாங்கினேன். சென்னை வெயிலுக்கு இதுதான் சரி என்பது என் கருத்து. ஃபெலனாப்சிஸ் பூத்தண்டு விட இரவில் சில வாரமாவது குளிர்ச்சி வேண்டும், நமக்கு அது மார்கழி, தை தவிர எப்போது கிடைக்கிறது? மாற்றி நட எனக்குப் பெரிய செலவு இல்லை. பக்கவாட்டிலும் ஓட்டை உள்ள மண்தொட்டி, தெருமுனை இஸ்திரிக்காரரிடம் வாங்கிய மரக்கரி, உடைத்த செங்கல், தேங்காய் மட்டைத் துண்டுகள். மட்டையை இரண்டு நாள் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டினேன், அதில் உப்பு இருக்கும். உப்பு என்றதும் இன்னொன்று: ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிச் சிக்கனம் பிடிக்காதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, வேர் நுனி கருகிவிடும். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்தால் ரொம்ப நல்லது.

கத்திரி வெயிலில் தினமும் ஊற்றுகிறேன், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் உள்ளே எடுத்து வைத்துவிட்டு வாரக்கணக்கில் தொடுவதில்லை. எப்போது ஊற்றினாலும் காலையில்தான், இரவில் குருத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் அழுகும். உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம், வாரம் ஒரு முறை. அதுவும் முதலில் வெறும் தண்ணீரில் வேரை நனைத்த பிறகு.

வெளிச்சத்தில் நான் ஏமாந்தது தனிக்கதை. இலை கரும்பச்சையாகப் பளபளவென்று இருந்ததால் செடி செழிப்பாக இருக்கிறது என்று ஒரு வருடம் பெருமைப்பட்டேன், ஒரு பூ கிடையாது. கரும்பச்சை என்றால் வெளிச்சம் பற்றவில்லை என்று அர்த்தமாம். கிழக்குப் பால்கனியில், பத்து மணி வரை வெயில் விழும் இடத்துக்கு மாற்றினேன் (மே மாதத்தில் மட்டும் பச்சை வலை கட்டுவேன்). இலை கொஞ்சம் மஞ்சளோடிய பச்சைக்கு மாறியது, நாலு மாதத்தில் மொட்டு.

பூத்து முடிந்ததும் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டை வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். கரும்பு மாதிரி இருக்கும் அந்தத் தண்டில்தான் செடி தண்ணீரையும் சத்தையும் சேர்த்து வைத்திருக்கிறது, சில சமயம் அதிலேயே மறுபடி பூக்கும். சுருங்கிப் பழுப்பாகிக் காய்ந்தால் மட்டும் எடுக்கலாம். என்னிடம் அப்படி விட்டு வைத்த ஒரு தண்டின் கணுவில் குட்டிச் செடியே முளைத்திருக்கிறது. வேர் இப்போது ஓர் அங்குலம், இரண்டு அங்குலமாவது வந்ததும் பிரித்துத் தனித் தொட்டியில் வைக்க வேண்டும்.

அதை அந்தக் கிரகப்பிரவேச நண்பருக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அவர் கொடுத்த செடி செத்த விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது.